வாடிக்கையாளரைக் காக்க வைத்த கடை

வலைத்தளம் என்பது ஆதியில் வர்த்தகத்துக்காக ஏற்பட்டதன்று. 1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவுக்கு அருகேயுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ நிர்மாணித்த முதல் தளம், விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற உத்தேசத்தோடு எழுந்ததாகையால், எழுத்தும் இணைப்புமே அதற்குப் போதுமானவையாக இருந்தன. 1993இல் மொசைக் உலாவி தோன்றி, எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டத் தொடங்கிய பிறகுதான் வியாபாரிகளின் கவனம் அதன்மேல் விழுந்தது. பத்திரிகைப் பக்கத்தின் சோபையைத் திரையிலும் காண விரும்பிய வடிவமைப்பாளர்கள், புள்ளிவிவரங்களைக் கட்டமிட்டுக் காட்டுவதற்கென்று இருந்த அட்டவணையைக் கொண்டே பக்கத்தை வகுத்து, கண்ணுக்குத் தெரியாத சிறு படங்களை இட்டு இடைவெளிகளை நிரப்பிக்கொண்டார்கள்.

இந்த ஆடம்பர மோகம் உச்சத்தை எட்டிய இடம் லண்டன்.

ஸ்வீடன் தேசத்தில் இணையப் புத்தகக் கடை நடத்தி அனுபவம் பெற்றிருந்த எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டன், காய்சா லியாண்டர் என்னும் இருவரும், பேட்ரிக் ஹெடலின் என்பவரும் சேர்ந்து, நாகரிக உடைகளை உலகெங்கும் விற்கும் ‘பூ டாட் காம்’ என்ற ஸ்தாபனத்தை லண்டனில் நிறுவினார்கள். பல தேசங்களில், பல பாஷைகளில், பல நாணயங்களில் ஏககாலத்தில் கடை திறப்பது அவர்களுடைய சங்கல்பம். வரி, தபால், கணக்கு ஆகிய ஒவ்வொன்றும் தேசத்துக்குத் தேசம் வேறுபட்டபடியால் திறப்பு விழா மாதக்கணக்கில் தள்ளிப்போய், 1999 நவம்பரில்தான் நடந்தேறியது.

அக்காலத்தில் வீட்டில் இருந்தவர், தொலைபேசிக் கம்பியோடு மோடத்தைப் பொருத்தி, அது கீச்சிட்டு ஓயும்வரை பொறுத்திருந்தே இணையத்தில் பிரவேசிக்க வேண்டும். விநாடிக்கு 56 கிலோபிட் என்பதே அக்கருவியின் உச்ச வேகம். 100 கிலோபைட் எடையுள்ள ஒரு பக்கம் அக்கம்பி வழியே வந்து சேரக் குறைந்தது 14 விநாடி ஆகும். இத்தகைய வாடிக்கையாளருக்கு முன்னே அவர்கள் வைத்ததோ, சட்டையைச் சுழற்றிக் காட்டும் படங்களும், பதுமைக்கு உடை அணிவித்துப் பார்க்கும் வசதியும், பேசி வழிகாட்டும் ‘மிஸ் பூ’ என்ற சித்திரப் பெண்ணும், தனித்தனியே திறந்துகொள்ளும் சிறு சாளரங்களும். ஒரு செருப்பின் விலையை அறிய வந்தவர், அச்செருப்பு திரையில் உருவாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தது. மெக்கிண்டாஷ் கணினி வைத்திருந்தவருக்கோ ஆரம்பத்தில் கடைக்குள் நுழையவே இயலவில்லை. மெதுவாக வரும் பக்கத்தை ஜனங்கள் விட்டுப் போய்விடுவார்கள் என்று ஜேக்கப் நீல்சன் போன்ற நிபுணர்கள் பல வருஷங்களாக எழுதிவந்தும், கடை கட்டியவர்களின் காதில் அது ஏறவில்லை.

2000 மே மாதத்தில் கடை மூடப்பட்டது. அதற்குள் செலவான முதலீடு சுமார் 13.5 கோடி டாலர். பங்குச் சந்தையின் வீழ்ச்சியே காரணம் என்பாரும் உண்டு. நிர்வாகத்தின் ஊதாரித்தனத்தைச் சுட்டுவாரும் உண்டு. இரண்டும் உண்மையே. ஆயினும் வாங்கும் மனத்தோடு வாசலுக்கு வந்தவரைக் காக்க வைத்துத் திருப்பியனுப்பியதை இவற்றுக்கெல்லாம் மேலான பிழையாகவே நான் கருதுகிறேன். அவர்களுடைய ஆசையில் குற்றம் காண இயலாது: பொருளைப் பெரிதாக்கியும் திருப்பியும் பார்க்கும் வசதி இன்று எளிய கடைகளிலும் உண்டு, பிடிக்காத உடையைச் செலவின்றித் திருப்பியனுப்பலாம் என்ற அவர்களுடைய ஏற்பாடும் பின்னர் பரவலாயிற்று. அத்தனை பொருட்செலவில் எழுந்த மென்பொருள், அதன் அடக்க விலையில் அற்பமான ஒரு பங்குக்கு விலைபோயிற்று. ‘பூ’ என்ற பெயரை அமெரிக்காவின் ஃபேஷன்மால் நிறுவனம் வாங்கிக்கொண்டது.