சதகுப்பை: பெயரைத் தொலைத்த மசாலா

சதகுப்பை என்றதும் நம்மில் பலருக்கு நாட்டு மருந்துக் கடைதான் நினைவுக்கு வரும். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்கு, அவ்வளவுதான். ஆனால் 2000 ஆண்டுகளுக்கு முன் பாலஸ்தீனத்தில் இது சமையல் பொருள். அதுவும் காணிக்கைக் கணக்கில் வரும் அளவுக்கு முக்கியமான பொருள்!

யூதர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். உணவாகப் பயன்படும் விளைபொருளுக்கே இந்த விதி. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் சதகுப்பை பற்றி ஒரு விவாதமே இருக்கிறது. விதை, இலை, காய் மூன்றுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்றார் ரப்பி எலியேசர். மற்ற அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. சமையலில் இடமில்லாத செடிக்கு இத்தனை வாதம் நடந்திருக்குமா?

மத்தேயு நற்செய்தியிலும் (23:23) இதே காணிக்கை வருகிறது. சின்ன விதைகளைக்கூட விடாமல் கணக்குப் பார்த்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'அனேதோன்', அதாவது சதகுப்பை. 'அனிசோன்' என்பது சோம்பு போல மணக்கும் வேறு செடி. 1611-ல் வந்த ஆங்கில வேதாகமம் முதல் செடிக்கு இரண்டாவதன் பெயரைக் கொடுத்துவிட்டது. 1946-ல் வெளியான திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் 'டில்' என்ற சரியான பெயர் இருக்கிறது.

தமிழில் என்ன ஆயிற்று? பழைய மொழிபெயர்ப்பில் அது வெந்தயம். பிறகு வந்த திருவிவிலியத்தில் சோம்பு. சதகுப்பை இரண்டிலும் இல்லை! பரிசேயர்கள் அவ்வளவு கவனமாக எண்ணிக் கொடுத்த விதையை மொழிபெயர்ப்பாளர்கள் தவறவிட்டுவிட்டார்கள்.

ஆனால் சமையலறைகள் அதைத் தவறவிடவில்லை. ரோமானியரின் சமையல் நூலான அப்பீசியஸில் சதகுப்பை பல இடங்களில் வருகிறது. ரஷ்யாவிலும் போலந்திலும் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு விதை முற்றிய பூங்கொத்தை அப்படியே போடுவார்கள். இலையின் மணம் சூட்டில் சீக்கிரம் போய்விடும். விதையின் மணம் நின்று மெல்ல இறங்கும். ஸ்காண்டிநேவியாவின் அக்வாவிட் மதுவுக்கும் இந்த விதை மணம் தருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? குஜராத்தில் சாப்பிட்ட பின் மெல்லும் முக்வாஸில் 'சுவா' என்ற பெயரில் இருப்பதும் இதுவே.

தமிழ் வீடுகளுக்கும் இது அந்நியம் இல்லை. 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் தயாரித்த கிரைப் வாட்டரில் சேர்ந்தது சதகுப்பை எண்ணெய்தான். இங்கே எத்தனையோ குழந்தைகள் அதைக் குடித்தே வளர்ந்தார்கள். பெயர் தெரியாமலே நாக்குக்குப் பழகிவிட்ட மசாலா இது!