புதிய ஊரின் பழைய கற்கள்

குடிபெயர்ந்தோரின் சரித்திரத்தைச் சொல்வதற்கென்றே அமைந்த காட்சிசாலை எதுவும் ஓசூர்ப் பக்கத்தில் இல்லை. ஆயினும், 1993-இல் கிருஷ்ணகிரியில் ஸ்தாபிக்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்துள் நுழைந்து, அங்கே சேகரிக்கப்பட்டுள்ள நடுகற்களின் முன் அரைமணி நேரம் நிதானமாக நின்று பார்ப்பவருக்கு அந்தக் குறை தோன்றாது என்பது என் அபிப்பிராயம்.

ஓசூர் என்ற பெயரே புதிய ஊர் என்று பொருள்படும் கன்னடச் சொல்தான். வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், தாலுகா ஆபீஸில் தமிழுமாக ஒரே மனிதர் ஒரே நாளில் மூன்று பாஷைகளைப் புழங்குவதை இங்கே யாரும் விசேஷமாகக் கருதுவதில்லை.

இப்பிரதேசத்து நடுகல்லில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்பான். உடலில் அம்புகள் தைத்திருக்கும். காலடியில் சிறு மாடுகள் ஒண்டி நிற்கும். சில கற்களில் தேவமாதர் அவனை மேலுலகத்துக்கு ஏந்திச் செல்வார்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டில், இன்ன ஊர்த் தொறுவைக் கவர்ந்துபோனபோது, மீட்கப் போன இன்னான் 'பட்டான்' என்பதே எழுத்தின் சாரம். தொறு என்றால் மாட்டு மந்தை. செத்தான் என்று எழுதுவதில்லை, பட்டான் என்றே எழுதுவார்கள். நடந்து செல்லக்கூடிய செல்வம் மாடு ஒன்றே ஆதலால், புல்லும் நீரும் தேடி அது போன வழியிலேயே மனிதரும் போனார்கள்; பல்லவர், கங்கர், நுளம்பர், பாணர் என்று ஆண்ட வம்சங்கள் மாறினவேயன்றி, எல்லை தாண்டி வருவதும் போவதும் ஓயவில்லை.

மகுடத்தோடு குடிபெயர்ந்தவரும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்ட ஹொய்சள வீர ராமநாதன், பாண்டியர் கை ஓங்கியபின் வடக்கே நகர்ந்து, கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். கன்னட வம்சத்தவனாகிய அவனுடைய சாசனங்கள் பல தமிழிலேயே பொறிக்கப்பட்டன. பிறகு 1792-இல் திப்புவிடமிருந்து, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பிரதேசம் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றது.

1913-இல் மொரப்பூர், தர்மபுரி வழியாக ஓசூர் வரை வந்த குறுகிய ரயில் பாதையை 1941-இல் மூடிவிட்டார்கள். ஊரின் யோகம் அதோடு போயிற்று என்று எண்ணியவர்களும் இருந்திருக்கக்கூடும். எழுபதுகளில் சிப்காட் வந்தது, 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட், டைட்டன் தொழிற்சாலைகளும் எழுந்தன. தெற்கேயிருந்து ஜனங்கள் வந்தார்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள்.

சென்ற முறை நான் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனபோது, ஓசூரில் வேலை பார்க்கும் அத்தகைய வடநாட்டு இளைஞர் ஒருவர் ஒரு நடுகல்லின் முன் நின்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சைகையால் கேட்டார். அது வட்டெழுத்து; எனக்கும் வாசிக்கத் தெரியாது. வேறு வழியின்றி இருவருமாக மாடுகளை எண்ணத் தொடங்கினோம். மூன்று என்றேன் நான். அவர் குனிந்து, மூலையில் பாதி தேய்ந்துபோன கொம்பு ஒன்றைத் தொட்டுக் காட்டி, "நாலு" என்று தமிழிலேயே திருத்தினார்.