உறைந்த திடல்கள்: 1962-63 குளிர்காலமும் இங்கிலாந்துக் காற்பந்தும்



இடி இடித்தால் ஆட்டத்தை நிறுத்தி மாணவர்களைக் கூரைக்கடியில் அழைத்து வருகிறோம். அதற்கு மேல் வானிலையைப் பற்றி நம் பள்ளித் திடல்களில் எவரும் கவலை கொள்வதில்லை. இங்கிலாந்து லீக் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்ட ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, பந்து ஏன் மஞ்சளாக இருக்கிறது? கோல்காவலர் அல்லாதவரும் ஏன் கையுறை அணிகிறார்கள்?" என்று வினவினான். பனியில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது, விரல்கள் மரத்துப் போகும் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆயினும் அவ்வினாவுக்குப் பின்னே ஒரு வரலாறே இருக்கிறது.

காற்றும் குளிரும் இவ்விளையாட்டின் விதிகளிலேயே தடம் பதித்துள்ளன. 1863-இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் வகுத்த முதல் விதிகளின்படி, நாணயச் சுண்டலில் வென்ற குழுவே தான் காக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. பலத்த காற்று வீசும் நாளில் அத்தேர்வு சிறிய சலுகையன்று. அன்று ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் பக்கம் மாறினர். இன்று இடைவேளையில் மட்டும் மாறுகிறோம். எதுவாயினும், காற்றின் உதவி ஒரு தரப்புக்கே போய்விடாமல் அது காக்கிறது.

சங்கத்தின் நூற்றாண்டு நெருங்கிய வேளையில்தான் அந்தக் கொடுங்குளிர் வந்தது. 1962 டிசம்பர் 26-இல் பனி கொட்டத் தொடங்கியது. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே, ஏறத்தாழ 2 பாகை. மண் கல்லாய் இறுகினால் காலணியின் குமிழ்கள் பற்றா. பந்து தாறுமாறாக எகிறும். விழுபவருக்கு எலும்பு முறியும். ஆகவே ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. எஃப்.ஏ. கிண்ணத்தின் மூன்றாம் சுற்று ஜனவரி 5-இல் தொடங்கியது. அன்று 32 ஆட்டங்களில் 3 மட்டுமே நடந்தன. அந்த ஒரு சுற்று முடிய 66 நாள்கள் ஆயின! லிங்கன் சிட்டி - கவென்ட்ரி ஆட்டம் மட்டும் 15 முறை தள்ளிப்போனது.

குழுக்கள் செய்து பார்த்த வித்தைகளைப் படித்தால் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். நார்விச் குழுவினர் தீயுமிழும் கருவியால் பனியை உருக்க முயன்று தோற்றனர். ஹாலிஃபாக்ஸ் டவுன் தன் திடலைப் பொதுமக்கள் சறுக்கி விளையாடத் திறந்துவிட்டது. ஆட்ட முடிவுகளை வைத்து நடந்த பந்தயச் சீட்டு நிறுவனங்கள் வருமானம் இழந்தன. அதனால் ஜனவரி 26-இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் உள்ளிட்ட ஒரு குழு இலண்டனில் கூடி, நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு அறிவித்தது. ஆடாத ஆட்டத்தில் வெற்றி தோல்வி! இதைவிட விந்தையான செய்தியை நான் விளையாட்டு வரலாற்றில் படித்ததில்லை.

ஆனால் எல்லாமே வேடிக்கையன்று. பனி தொடங்கிய அதே டிசம்பர் 26-இல், சண்டர்லாந்தின் திடலில் பரி குழுவுக்கு எதிராக ஆடிய பிரையன் கிளஃப், எதிரணிக் கோல்காவலருடன் மோதி முழங்கால் தசைநார் கிழிந்தார். அப்போது அவருக்கு வயது 27. பின்னர் மூன்றே லீக் ஆட்டங்களில் களமிறங்கி ஓய்வு பெற்றார். பயிற்றுநராகி நாட்டிங்காம் ஃபாரஸ்ட் குழுவுக்கு 1979, 1980 ஐரோப்பியக் கிண்ணங்களை வென்று தந்தவர் இவரே.

இக்குளிரிலும் ஒரு குழு செழித்தது. லெஸ்டர் சிட்டி தன் திடலுக்கு இரசாயனக் கலவை இட்டிருந்ததால், மற்றவர் முடங்கிக் கிடக்க அக்குழு ஆடிக் கொண்டே இருந்தது. 'பனி அரசர்கள்' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. மான்செஸ்டர் யுனைடெட்டோ டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி 23 வரை போட்டி ஆட்டம் ஒன்றும் இன்றி, அயர்லாந்து சென்று நட்புமுறை ஆட்டங்கள் ஆடிக் காலம் தள்ளியது. பனி உருகியபின் மார்ச் மாதத்தில் மட்டும் நான்கு கிண்ண ஆட்டங்கள் ஆட வேண்டியதாயிற்று.

மே 4-இல் நடக்க வேண்டிய இறுதியாட்டம் மே 25-க்குத் தள்ளப்பட்டது. வெம்பிளியில் அன்று பனி இல்லை. லெஸ்டர் 1-3 எனத் தோற்றது. கிண்ணம் மான்செஸ்டர் சென்றது.