மேஜை டிராயரில் ஒரு மவுத் ஆர்கன்

பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், பையனுக்குப் பத்து வயசு ஆகுது. மவுத் ஆர்கன் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஆன்லைன்ல பார்த்தா 150 ரூபாய்ல இருந்து பல ஆயிரம் வரைக்கும் இருக்கு. ரிட்டயர் ஆனப்புறம் நீங்க வாசிக்கக் கத்துக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எதை வாங்கறது சார்?"

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்? தவிர, மவுத் ஆர்கன் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1987. பத்தாம் வகுப்பு. முதல் உலகப் போர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகை பக்கம் திரும்பி எழுதும்போது கடைசி பெஞ்சிலிருந்து "பீ...ங்" என்று ஒரு சத்தம். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போது இளரத்தம். நேராகப் போய் அந்தப் பையன் கையிலிருந்த மவுத் ஆர்கனைப் பிடுங்கினேன். ஊர்த் தேர்த்திருவிழாக் கடையில் வாங்கினதாம். "பரீட்சை முடிஞ்சு வந்து வாங்கிக்கோ" என்று சொல்லி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் மாற்றலாகி வேறு ஊர் போனேன். அந்த மவுத் ஆர்கன் என் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

அன்றைக்கு நான் நடத்திய பாடத்தில் இந்தச் சின்னக் கருவியும் இருந்தது என்பது எனக்கே தெரியாது. அந்தப் போரில் இரண்டு தரப்புச் சிப்பாய்களின் சட்டைப் பைகளிலும் மவுத் ஆர்கன் இருந்தது. பெரும்பாலும் ஜெர்மனியில் செய்தவை. பிஸ்மார்க், 1871, வெர்சாய்ஸ் என்று மனப்பாடம் செய்ய வைத்தேனே, அதே ஜெர்மனியின் கதைதான் இதுவும்.

இதன் தாத்தா சீனாவில் இருக்கிறார். 'ஷெங்' என்று மூங்கில் குழாய்கள் கொண்ட வாத்தியம். அதற்குள் மெல்லிய நாக்கு ஒன்று காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும். அதே தத்துவத்தில்தான் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் ஹார்மோனியம், அக்கார்டியன், மவுத் ஆர்கன் எல்லாம் ஒரே குடும்பமாகப் பிறந்தன. மவுத் ஆர்கனை 1821-ல் புஷ்மன் என்ற ஜெர்மன் இளைஞர் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். இன்றைய ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. 1820-களில் வியன்னா உட்படப் பல இடங்களில் பலர் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். வரலாற்றில் 'ஒருவர், ஒரு தேதி' என்று எழுதுவது நமக்கு வசதி. ஆனால் நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை.

இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் மத்தியாஸ் ஹோனர். தென்மேற்கு ஜெர்மனியில், கறுப்புக் காட்டுப் பக்கம், ட்ரோசிங்கன் என்ற சிற்றூர்க்காரர். 1833-ல் பிறந்தவர். தொழில் கடிகாரம் செய்வது. 1857-ல் மனைவியையும் ஒன்றிரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு மவுத் ஆர்கன் செய்ய ஆரம்பித்தார். முதல் வருடம் செய்தது 650. முப்பது வருடம் கழித்து, 1887-ல், வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல்!

எப்படி முடிந்தது? ஒன்று, இயந்திரம். பித்தளை நாக்குகளைக் கையால் அடித்துச் செய்வதை விட்டு, அச்சில் வெட்டியெடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு, அமெரிக்கா. பிழைப்புக்காகக் கப்பலேறிய ஜெர்மானியர்களுக்கு ஊர்ப் பாட்டு வேண்டியிருந்தது. பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? இது பைக்குள் அடங்கியது, விலையும் குறைவு. மூன்று, வீட்டு வேலை. ட்ரோசிங்கன் வட்டாரத்துக் குடும்பங்கள் உதிரி பாகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூலிக்கு வேலை செய்து கொடுத்தன. நம் சிவகாசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டினார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

1896-ல் 'மரீன் பேண்ட்' என்ற மாடல் வந்தது. பத்துத் துளை, இருபது நாக்கு. ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் ஒரு சுரம். இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

இங்கேதான் மவுத் ஆர்கன் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வருகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த வகையில் ஒன்று வாங்கினேன். என் மனைவி சின்ன வயதில் வீணை கற்றவர். இடது பக்கத்திலிருந்து ஊதிக் காட்டியதும், "இதுல மத்திமமே வரலை. தைவதமும் இல்லை. கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். திருப்பிக் கொடுக்கக் கிளம்பியும்விட்டேன்.

ஆனால் அது குறை இல்லை, அமைப்பே அதுதான். 'ரிக்டர் முறை' என்பார்கள். கீழ் ஸ்தாயியில் ம, த இல்லை. மேல் ஸ்தாயியில் நி இல்லை. நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளை வரை உள்ள நடு ஸ்தாயியில் மட்டும் ஏழு சுரமும் முழுதாக வரும். காரணம் எளிது. ஜெர்மன் கிராமத்துப் பாட்டுக்கு மெட்டோடு சேர்ந்து கார்டும் வேண்டும். மூன்று துளையைச் சேர்த்து ஊதினால் எங்கே ஊதினாலும் ஸ-க-ப கூட்டொலி வரும். கீழே உறிஞ்சினால் அதற்குத் துணையான இன்னொரு கூட்டொலி வரும். அதற்கு இடம் வேண்டுமே என்று இரண்டு சுரங்களைத் தியாகம் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. கறுப்பின மக்கள் இந்த ஜெர்மன் வாத்தியத்தைத் தலைகீழாக வாசித்தார்கள். ஊதுவதைவிட உறிஞ்சுவதை முக்கியமாக்கினார்கள். நாக்கையும் தொண்டையையும் மாற்றி வைத்து உறிஞ்சி, சுரத்தை வளைத்தார்கள். செய்தவர்கள் நினைத்தே பார்க்காத ஒலி அது. புளூஸ் இசையின் அழுகுரல் அப்படி வந்தது. லிட்டில் வால்டர் வாசித்ததை யூடியூபில் கேட்டுப் பாருங்கள். இல்லாத சுரங்களில் சிலதும் இந்த வளைப்பில்தான் கிடைக்கின்றன. சுரத்தை வளைக்க முடியாது, கமகம் வராது என்ற குறைக்காகவே நம் அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்தது. அதே குடும்பத்துக் குட்டி வாத்தியம் வளைந்து கொடுத்தது!

இந்தக் குட்டி விண்வெளிக்கும் போனது. 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் வால்டர் ஷிரா கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை வாசித்தார். கையில் இருந்தது நான்கே துளை கொண்ட 'லிட்டில் லேடி'. நம் பக்கத்துக்கு இது சினிமா வழியாக வந்தது. 1964-ல் வந்த 'தோஸ்தி' படத்தில் ஊன்றுகோல் ஊன்றிய பையன் வாசிப்பானே, அந்த ஒலிக்குப் பின்னால் இருந்தவர் ஆர்.டி.பர்மன். 1975-ல் 'ஷோலே'யில் அமிதாப் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதற்கு உண்மையில் ஊதியவர் பானு குப்தா. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் திருவிழாக் கடைகளைத் தேடி ஓடியிருப்போம்!

சரி, இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கடையில் மூன்று ஜாதி இருக்கிறது.

ஒன்று, நான் சொன்ன பத்துத் துளை. மேற்கத்திய பாட்டு, புளூஸ், எளிய சினிமா மெட்டுக்கு இது. 'ஸி' சுருதியில் வாங்குங்கள். பயிற்சிப் புத்தகமும் வீடியோவும் பெரும்பாலும் அதற்குத்தான். உள்ளே இருக்கும் சட்டம் மரமாக இருந்தால் எச்சில் பட்டு உப்பும். சின்னப் பையனுக்கு பிளாஸ்டிக் சட்டமே நல்லது. ஹோனரின் 'ஸ்பெஷல் 20', ஜப்பானில் டோம்போ நிறுவனம் செய்யும் 'லீ ஆஸ்கர்' போன்றவை அந்த வகை.

இரண்டு, ட்ரெமோலோ. மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் துளைகள். ஒரே சுரத்துக்கு இரண்டு நாக்குகள், கொஞ்சம் சுருதி பிசகிய மாதிரி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அந்த வித்தியாசத்தால்தான் ஒலி அலை அலையாக நடுங்கும். பழைய பாட்டு வாசிக்க இனிமையாக இருக்கும். ஆனால் சுரத்தை வளைப்பது கஷ்டம்.

மூன்று, குரோமாடிக். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அரை சுரம் கூடும். பன்னிரண்டு சுரஸ்தானமும் கிடைக்கும். விலை பல மடங்கு.

அம்மா, உன்னிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பையன் பாட்டு கிளாஸ் போகிறானா? போகிறான் என்றால் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்திருப்பது மாயாமாளவகௌளை. அதன் சின்ன ரிஷபமும் சின்னத் தைவதமும் பத்துத் துளையில் நேராக வராது. சரளி வரிசையை ஊதிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக் குழந்தை மூலையில் போட்டுவிடும். அந்த 'ஸி' வாத்தியத்தின் நடு ஸ்தாயி சங்கராபரணம். அதில் உள்ள மெட்டுகளைக் கொடு, சந்தோஷமாக வாசிப்பான். மாயாமாளவகௌளைதான் வேண்டும் என்றால் காசு சேர்த்து குரோமாடிக் வாங்கு.

எதை வாங்கினாலும் 150 ரூபாய் பொம்மை வேண்டாம். தகடுகளுக்கு இடையில் காற்று கசியும். குழந்தை மூச்சு முட்ட ஊதும், சுரம் பேசாது. வாங்கிய அன்றே எல்லாத் துளையிலும் மெதுவாக ஊதியும் உறிஞ்சியும் பார். ஒன்று பேசாவிட்டாலும் திருப்பிவிடு. வாய் கொப்பளித்துவிட்டு வாசிக்கச் சொல். முடிந்ததும் துளைப் பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் தட்டச் சொல். பலமாக ஊதினால் நாக்கு சீக்கிரம் களைத்துச் சுருதி இறங்கும். மென்மையாக ஊதினால் வருடக்கணக்கில் உழைக்கும்.

இதை எழுதுவதற்கு முன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த மவுத் ஆர்கனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வரிசைத் துளை. ட்ரெமோலோ. மேல்தகட்டில் பெயர் தேய்ந்துவிட்டது. நாக்குகளில் பாதி பேசவில்லை. அவனிடமே விட்டிருந்தால் தேய்ந்திருக்கும், ஆனால் வாசித்துத் தேய்ந்திருக்கும்.

1987 பத்தாம் வகுப்பு மாணவர்களே, யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். பழையதையும் கொடுக்க வேண்டும், புதிதாக ஒன்று வாங்கியும் கொடுக்க வேண்டும். பரீட்சை முடிந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது.