தூக்குக்குண்டும் சுண்ணாம்புத் தளமும்

போன கோடையில் வீரகேரளம்புதூரில் உறவினர் ஒருவர் வீட்டுப் பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். மேலே சிவப்புக் காவி பூசிய சிமென்ட். அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இறுகிப் பாறை மாதிரி ஒரு தளம். டிரில் மெஷின் அங்கே போய்த் திணறியது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, "அது பொம்பளையாளுக அடிச்ச தளம்லா, அம்புட்டு லேசுல வருமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, சிரித்துக்கொண்டே, "அதுக்குள்ள எத்தனை கெட்ட வார்த்தை கெடக்கோ!" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

சிமென்ட் பரவுவதற்கு முன்னால் வசதியான வீடுகளின் தரை, தட்டட்டி எல்லாம் சுண்ணாம்பு வேலைதான். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து பரப்புவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் அடிக்கணும். நாலு அங்குலக் கலவை மூணு அங்குலமாக இறுகும். அடித்த கட்டை துள்ளித் திரும்பினால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மெல்லிய பூச்சு. அதை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மெருகு ஏறும்போது பூச்சு வியர்த்து நீர் கசியும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்க்கணும்.

மேலே உள்ள பத்தியை இன்னொரு தடவை மெதுவாகப் படியுங்கள். அடி, தெளி, தேய், இறுக்கம், இளக்கம், பதம், துள்ளல், வியர்வை. இரட்டை அர்த்தத்தைத் தேடிக்கொண்டு யாரும் எங்கேயும் போக வேண்டாம். வேலையே கையில் கொண்டுவந்து கொடுக்கிறது. கருவிகளும் சளைத்தவை இல்லை. மட்டக்கம்பு ஒன்று போதாதென்று கயிற்றில் தொங்கும் தூக்குக்குண்டு வேறு.

ஆச்சி பத்துப் பதினோரு வயதில் அம்மாவோடு தளம் அடிக்கப் போனவர். அடி ஒரே சீராக விழணும், இல்லாவிட்டால் தளம் மேடு பள்ளமாகிவிடும். அதற்குத்தான் பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முதல் பாட்டு சாமிக்கு. வெயில் ஏற ஏற சாமி இறங்கிப் போய்விடும், கொத்தனார் ஏறி வந்துவிடுவார்.

பாட்டு வரிகளை ஆச்சி எழுத விடவில்லை. "போன அணைச்சுட்டு உக்காரு, சொல்லுதேன்" என்றார். விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தூக்குக்குண்டு பிடித்து நிற்கிற கொத்தனாரைப் பார்த்துப் பெண்கள் கேட்கிறார்கள்: உம்ம குண்டு இந்த ஆட்டம் ஆடுதே, சுவர் எப்படி நேரா நிக்கும்? உம்ம வீட்டுக்காரி என்ன சொல்லுதா?

"கொத்தனார் கோவிக்க மாட்டாரா ஆச்சி?"

"கோவிச்சா பாட்டு நிக்கும். பாட்டு நின்னா அடி நிக்கும். சுண்ணாம்பு காத்துக்கிட்டா இருக்கும்?"

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அன்றாடக் கூலிக்கு வந்த பெண் மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்துப் பேச முடியாத காலம். ஆனால் கட்டை கையில் இருக்கும்வரை அவரைக் கேலி பண்ணலாம். கூலியை இழுத்தடிக்கிற வீட்டுக்காரரையும் அதே பாட்டில் இழுக்கலாம். உழைப்பின் தாளம் கொடுத்த உரிமை அது. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளிலும் இதற்கு ஒரு உறவுக்காரப் பாட்டு உண்டு. நெய்த கம்பளித் துணியை நனைத்துப் பலகையில் அடித்து இறுக்கும் பெண்கள், ஊர் இளைஞர்களைத் தோழிகளோடு ஜோடி சேர்த்துக் கிண்டல் செய்து பாடினார்கள்.

சிற்றாற்றங்கரையில் இருக்கும் வீரகேரளம்புதூர், ஊற்றுமலை ஜமீனின் தலைநகராக இருந்த ஊர். ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தில் சிருங்காரம் ததும்பும். அது அச்சேறியது, மேடை ஏறியது. அதே மண்ணில் தளம் அடித்தவர்களின் சிருங்காரத்துக்கு ஆசிரியர் பெயர்கூடக் கிடையாது. நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் உழைப்பாளிகளின் பாட்டுகளுக்கு இடம் கொடுத்தார். பச்சையான பாலியல் கதைகளையும் சேகரிக்கலாம் என்று கி. ராஜநாராயணன் துணிந்து காட்டினார். 'மறைவாய் சொன்ன கதைகள்' நூலில் அவரோடு சேர்ந்து உழைத்த கழனியூரன், இந்தப் பக்கத்துக் கழுநீர்குளத்துக்காரர்தான். ஆனால் கதைக்குச் சொல்ல ஒரு ஆளும் கேட்க ஒரு ஆளும் போதும். திண்ணையிலும் பிழைத்துக்கொள்ளும். தளம் அடிக்கும் பாட்டுக்குத் தளம் வேண்டும், பத்துப் பெண்கள் வேண்டும். சிமென்ட் வந்ததும் அந்த வரிசை கலைந்தது. காவி பூசித் தேய்க்க ஒரு கொத்தனாரும் ஒரு கையாளும் போதும் என்றானது.

இப்போது டைல்ஸ். உறவினர் வீட்டில் வேலை பார்த்தது மூன்று ஆண்கள், கலவை சுமக்க ஒரே ஒரு சித்தாள் பெண். கேலிக்குக் குறைவில்லை. பசை, இடைவெளி, ஈரம் என்று அதே பழைய சரக்குதான். ஆண்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சட்டியை இறக்கிவிட்டுப் பேசாமல் போனாள். சொல் பழசுதான், திசை மாறிவிட்டது. வரிசையாகப் பத்துப் பேர் கீழிருந்து மேலே எறிந்தது கேலி. மேலிருந்து தனியாக நிற்கிறவள்மேல் விழுந்தால் அதற்குப் பெயர் வேறு. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கட்டட வேலைக்கு வரும் பெண்ணுக்கும் பொருந்தும். மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் அவள் புகார் கொடுக்கலாம். அன்று அங்கிருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது.

பழைய காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அன்றும் பெண் சித்தாள்தான், கொத்தனார் ஆகவில்லை. கூலியும் பாதிதான் என்று ஆச்சியே சொன்னார். ஆனால் பதில் சொல்ல அவளுக்கு ஒரு பாட்டு இருந்தது, கூடப் பாடப் பத்துக் குரல் இருந்தது. கெட்ட வார்த்தை என்று நாம் ஒதுக்கியதில் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

உங்கள் தெருவிலும் தளம் அடித்த ஆச்சி ஒருவர் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். போனை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.