நூலகத்துக்குள் ப்ளூஸ் நுழைந்த கதை

கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் அமெரிக்காவின் பல ஊர்களில் பொது நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு ப்ளூஸ் கச்சேரி இடம்பெற்றிருக்கும். அனுமதி இலவசம். வாசிப்பறை மேசைகளை ஒதுக்கிவிட்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ஒரு கிதார், ஒரு மவுத் ஆர்கன், பாடுவதற்கு ஒருவரோ இருவரோ. பாட்டு முடிந்ததும் பாடகர் கொஞ்சம் பேசுவார். இது எந்தப் பருத்திக் காட்டில் பிறந்த பாட்டு, முதலில் பாடியவர் யார், அவர் ஏன் ஊரை விட்டு ரயிலேறினார் என்றெல்லாம் சொல்வார். பக்கத்து மேசையில் கறுப்பின வரலாற்று நூல்கள் பரப்பப்பட்டிருக்கும். போகிறபோது இரவல் எடுத்துப் போகலாம்.

பிப்ரவரி, நூலகம், ப்ளூஸ், இலவசம் என்ற இந்த நான்கும் தனித்தனியே பிறந்தவை. ஒன்றுசேர அரை நூற்றாண்டு பிடித்தது.

பிப்ரவரியைத் தந்தவர் கார்ட்டர் ஜி. வுட்சன். 1875-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். இளம் வயதிலேயே மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்றொரு சுரங்கத் தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த கறுப்பினத்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய வீட்டில் கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களும் செய்தித்தாள்களும் இருந்தன. ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். வுட்சன் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு விவாதிப்பார்கள். பொது நூலகம் செய்ய வேண்டியதைப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் தன் வீட்டிலேயே செய்துகாட்டினார். இந்தக் கதையின் முதல் நூலகம் அதுதான் என்று நான் சொல்வேன்.

வுட்சன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு 20 வயது. 1912-ல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். 1915-ல் சிகாகோவில் கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கத்தை நிறுவினார். 1926 பிப்ரவரியில் அந்தச் சங்கம் ‘நீக்ரோ வரலாற்று வார’த்தை அறிவித்தது. பிப்ரவரி 12 லிங்கனின் பிறந்தநாள். 14, அடிமையாய்ப் பிறந்து தப்பித்து விடுதலைக்குக் குரல்கொடுத்த ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்டது. மக்கள் ஏற்கெனவே கொண்டாடிவந்த இரண்டு நாட்களை வுட்சன் ஒரு வாரமாகக் கோத்தார். அந்த வாரம் மாதமானது 1976-ல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1950-லேயே காலமாகிவிட்டார்.

அதே 1926-ல் நியூயார்க் ஹார்லெமின் 135-ஆம் தெருக் கிளை நூலகத்துக்கு ஆர்ட்டுரோ ஷோம்பர்க் என்ற சேகரிப்பாளர் கறுப்பின வரலாறு குறித்து வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் ஆவணங்களும் வந்துசேர்ந்தன. கார்னகி அறக்கட்டளை அதற்கு 10,000 டாலர் கொடுத்தது. அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் நாடகக் குழுக்கள் அரங்கேறின. புத்தகம் இருக்கும் இடத்தில் கலையும் நடக்கலாம் என்ற வழக்கம் அங்கே வேர்விட்டது.

ப்ளூஸுக்கு மட்டும் அந்த மரியாதை எளிதில் கிடைக்கவில்லை. மிசிசிப்பி டெல்டாவின் வயல்களிலும் மதுக்கடைகளிலும் வளர்ந்த இசை அது. தேவாலயத்துக்குப் போகும் கறுப்பினக் குடும்பங்களே அதைச் சாத்தானின் பாட்டு என்று ஒதுக்கின. 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில், கத்தியைக் கிதார் தந்திகளில் அழுத்தியபடி ஒருவர் பாடுவதைக் கேட்டதாக இசைக்கலைஞர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதினார். அந்தப் பாடகரின் பெயரைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லை.

அந்த இசை நூலகத்துக்குள் முதலில் வந்தது ஒலித்தட்டாக. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1928-ல் நாட்டார் பாடல் காப்பகம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. 1938-ல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனை நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் பியானோ முன் உட்காரவைத்து, அவரைப் பாடவும் பேசவும் வைத்துப் பல மணி நேரம் பதிவு செய்தார். கேட்க அங்கே கூட்டம் இல்லை.

கூட்டம் வந்தது 1940 டிசம்பரில். அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தம் பிரகடனமாகி அந்த மாதம் 75 ஆண்டுகள் நிறைந்தன. அதையொட்டி நூலகம் ஓர் இசைவிழா எடுத்தது. 18-ஆம் தேதி டோரத்தி மேனர் பாடினார். 20-ஆம் தேதி மேடையேறியவர்கள் கோல்டன் கேட் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவும் ஜோஷ் ஒயிட்டும். சிறுவனாகக் கண் தெரியாத தெருப்பாடகர்களுக்குக் கைபிடித்து வழிகாட்டி, அவர்களுக்காகக் காசு வசூலித்தபடியே கிதார் கற்றுக்கொண்டவர் ஜோஷ் ஒயிட். மூன்று பேர் பாடல்களை விளக்கினார்கள். பக்திப் பாடல்களைப் பற்றித் தத்துவப் பேராசிரியர் அலைன் லாக் பேசினார். ப்ளூஸைப் பற்றிப் பேசியவர் கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன். வேலைப் பாடல்களும் ஆட்டப் பாடல்களும் லோமாக்ஸின் பங்கு. லாக், பிரவுன் இருவரும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கறுப்பின அறிஞர்கள்.

வாஷிங்டன் அப்போது எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான், கறுப்பினத்தவர் என்பதால் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹால் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாட, சுமார் 75,000 பேர் கேட்டார்கள். இதே ஊரில் தனக்குத் தங்க இடம் மறுக்கப்பட்டதைப் பாடகர் லெட்பெல்லி ஒரு ப்ளூஸ் பாட்டாகவே கட்டிவிட்டார். அப்படிப்பட்ட நகரத்தின் நடுவில், நாட்டின் தலைமை நூலகத்தில், கறுப்பின மக்களின் விடுதலையைக் கொண்டாட ப்ளூஸ் பாடப்பட்டது. ‘முதல்’ என்ற பட்டத்தை நான் அதற்குச் சூட்டப் போவதில்லை. ஆனால் இன்றைய பிப்ரவரிக் கச்சேரியின் வடிவம், ஒரு பாட்டு, அதன் பின்னால் ஒரு வரலாறு, மறுபடி ஒரு பாட்டு என்ற அந்த அமைப்பு, அன்றிரவே முழுமையாக இருந்தது.

அடுத்த ஆகஸ்டில் அந்த நூலகத்துக்காக லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலுக்கு அருகிலுள்ள ஸ்டோவல் பண்ணைக்குப் போய், ஒரு டிராக்டர் ஓட்டுநரைப் பதிவு செய்தார்கள். தன் குரலைத் தானே தட்டில் கேட்டபோதுதான் தன்னால் பாட முடியும் என்ற நம்பிக்கை வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். 1943-ல் சிகாகோவுக்குப் போனார். உலகம் அவரை மடி வாட்டர்ஸ் என்று அறியும்.

இனி இலவசம். இதைப் பலரும் நூலகத்தின் தாராள மனசு என்று நினைக்கிறார்கள். ஆனால் அதன் பின்னால் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது. ஜூக்பாக்ஸும் வானொலியும் இசைத்தட்டையே சுழலவிட்டதால் நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பு போனது. 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவுக்கு வாசிக்க மாட்டோம் என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அறிவித்தது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. பெரிய கம்பெனிகள் சில 1944 வரை தாக்குப்பிடித்துக் கடைசியில் இறங்கிவந்தன. விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிதிக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டன. 1948-ல் இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அது தனி அறங்காவலரின் கீழ் வந்தது. பூங்கா, மருத்துவமனை, பள்ளி, நூலகம் போன்ற பொது இடங்களில் இசைப்பவருக்கு அந்த நிதி கூலி கொடுக்கும். கேட்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. எல்லா நூலகக் கச்சேரிக்கும் பணம் இங்கிருந்து வருவதில்லை. மாநிலக் கலை மன்றங்களும், நூலகத்துக்காக ஊர்க்காரர்கள் நடத்தும் நண்பர் சங்கங்களும் கொடுக்கின்றன. ஆனால் கலைஞருக்குக் கூலி, மக்களுக்கு இலவசம் என்ற நியாயத்தை நாடெங்கும் நடைமுறையாக்கியது அந்த நிதி. அந்த இசைக்கலைஞர் சங்கத்துக்குள்ளும் நிறச்சுவர் இருந்தது. சிகாகோவில் வெள்ளையர் கிளையும் கறுப்பினத்தவர் கிளையும் 1966-ல்தான் ஒன்றாயின.

எஞ்சியிருந்தது நூலகத்தின் வாசல். 1961 மார்ச்சில் டுகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர், மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் வெள்ளையருக்கான நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து படித்தார்கள். அதற்காகக் கைதானார்கள். 1964-ல் லூசியானாவின் கிளின்டன் ஊரில் நடந்தது என் மனத்தை விட்டு அகலாதது. அந்த வட்டார நூலகம் இரண்டு நடமாடும் புத்தக வண்டிகளை ஓட்டியது. வெள்ளையருக்குச் சிவப்பு, கறுப்பினத்தவருக்கு நீலம். மார்ச் 7 அன்று ஹென்றி பிரவுனும் நான்கு இளைஞர்களும் நூலகத்துக்குள்ளேயே போனார்கள். பிரவுன் கேட்டது ஆர்னா பான்டெம்ப்ஸ் எழுதிய கறுப்பின வரலாற்று நூல். இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். அவர்கள் கிளம்பவில்லை. பிரவுன் உட்கார்ந்திருந்தார், மற்ற நால்வரும் அருகில் நின்றார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. சில நிமிடங்களில் ஷெரிஃப் வந்து கைது செய்தார். அந்தப் புத்தகம் பிறகு தபாலில் பிரவுனுக்கு வந்தது. திருப்பித் தருவதானால் தபாலில் அனுப்பலாம், அல்லது நீல வண்டியில் கொடுக்கலாம் என்று ஒரு சீட்டும் கூடவே வந்தது! 1966 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுடைய தண்டனையை ரத்து செய்தது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1979 ஜனவரி 31 அன்று, கிளார்க்ஸ்டேல் கார்னகி பொது நூலகம் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. முன்னின்றவர் நூலக இயக்குநர் சிட் கிரேவ்ஸ். ஒரு தொடக்கப் பள்ளி அறையில் ஆரம்பித்தது அது. ப்ளூஸின் தாயகத்தில் ப்ளூஸுக்கு வீடு கட்டியது ஒரு நூலகம்தான்.

அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்கள் அடுத்த பிப்ரவரியில் பிள்ளைகளோடு உள்ளூர் நூலகத்துக்குப் போங்கள். பாட்டு நின்று பாடகர் பேசும்போது கைப்பேசியை எடுக்காதீர்கள். கச்சேரியில் பாதி அந்தப் பேச்சுதான். கிளம்பும்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு புத்தகத்தை உங்கள் அட்டையில் பதிந்து எடுத்துப் போங்கள்.