ஊவாவில் இலை சிவத்தல்: வறட்சியும் வெயிலும்

உதிருமுன் இலை சிவப்பதில் வானிலைக்குப் பங்கு இருப்பது குளிர்நாடுகளில் மட்டுமே என்றும், வெப்பமண்டலத்தில் அது வெறும் முதிர்ச்சியின் விளைவு என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. பகற்பொழுது மாறாத இடத்தில் இலையுதிர் காலம் இல்லை என்பதே அதன் அடிப்படை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் உள்ள பதுளையில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. ஆயினும் ஊவாவில் வளரும் நாட்டு வாதுமையும், நில்கலப் புல்வெளிக் காடுகளின் ஆயிமாவும் சிவந்தே உதிர்கின்றன. பகல் குறைவது முதிர்ச்சியைத் தொடக்கிவைக்கும் காரணங்களில் ஒன்று மட்டுமே. ஊவாவில் அவ்வேலையை வறட்சி செய்யக்கூடும். நிறத்தைத் தீர்மானிப்பது வேறு.

மஞ்சள் நிறக் கரோட்டினாய்டு இலையில் முன்பே இருப்பது. பச்சையம் சிதையும்போது வெளிப்படுகிறது. சிவப்பு தரும் அந்தோசயனினோ பெரும்பாலும் அப்போதுதான் சர்க்கரையைக் கொண்டு ஆக்கப்படுகிறது. இறக்கப்போகும் இலை இச்செலவை ஏன் ஏற்கிறது?

டாக்வுட் புதரில் ஃபீல்ட், லீ, ஹோல்புரூக் ஆகியோர் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வே இங்கு விவாதத்துக்குரியது. கடும் ஒளிபட்ட சிவந்த இலைகளின் ஒளித்தொகுப்புத் திறன் மீண்டது. மஞ்சள் இலைகளோ 6 மணி நேரம் இருளில் வைத்தும் மீளவில்லை. மஞ்சள் இலைகள் ஏற்கெனவே நலிந்தவை, ஆகவே வேறுபாடு வயதினாலானது என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. அதே ஆய்வின் அடுத்த சோதனை இவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை. நீல ஒளி பட்டபின் சிவந்த இலைகள் விரைந்து மீண்டன. சிவப்பு ஒளியில் இருவகை இலைகளும் ஒரேபோல் நெடுநேரம் நலிந்திருந்தன. அந்தோசயனின் நீல ஒளியை நன்கு உறிஞ்சும், சிவப்பு ஒளியை அரிதாகவே உறிஞ்சும். நலிவுதான் காரணமென்றால் சிவப்பு ஒளியிலும் மஞ்சள் இலைகளே பின்தங்கியிருக்க வேண்டும். எனவே இந்நிறமி வெயில்மறைப்பாக இயங்குகிறது என்பதே பொருத்தமான முடிவு. அம்மறைப்பின் பயனும் தெளிவு: இலையின் நைதரசன் தண்டுக்குத் திரும்பும்வரை உயிரணுக்கள் காக்கப்படுகின்றன. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், அந்தோசயனின் ஆக்க இயலாத செடிகள் கடும் ஒளியில் குறைவான நைதரசனையே மீட்டன. சிவப்பு நிறம் பூச்சிகளுக்கான எச்சரிக்கை என்னும் விளக்கம் நீல, சிவப்பு ஒளிகளின் வேறுபாட்டைத் தொடுவதே இல்லை.

ஊவாவின் வானிலை இம்முடிவோடு இசைகிறது. தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மேற்கிலேயே கொட்டித் தீர்ந்துவிட, யூலை முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த கச்சான் காற்று பண்டாரவளை, பதுளைத் தோட்டங்களின் மேல் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குப் புகழ் தந்த பருவமும் அதுவே. முகிலற்ற பகல் வெயிலைத் தருகிறது. உயர்ந்த மலைகளின் குளிர்ந்த இரவு சர்க்கரை இலையைவிட்டு நீங்குவதைத் தாமதப்படுத்துகிறது. அதே மாதங்களில் மேற்குச் சரிவு மழையிலும் மூட்டத்திலும் இருக்கிறது. பகலின் நீளமோ இரு பக்கமும் ஒன்றே. ஈரமும் வேறுபடுவதால் இந்த ஒப்பீடு மட்டும் போதாது. ஒரே வாதுமை மரத்தில் வெயில்படும் இலைகளையும் உட்கிளை நிழலிலுள்ள இலைகளையும் ஒப்பிட்டால், ஈரமும் மரபும் மாறாமல் ஒளியின் பங்கு தனித்துத் தெரியும்.